கழிவுக்கும் நாம்தான் காசு கொடுத்தோம்: தொழிலில் பசுமையைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பட்டறையில் சேர்ந்த துண்டு துணுக்குகளை எடைக்குப் போட்டுக் காசு வாங்கும்போது ஒரு சின்ன சந்தோஷம் வரும். சும்மா கிடந்தது காசாகிவிட்டதே என்று. அந்தக் காசை எண்ணுகிற கையோடு இன்னொரு கணக்கையும் போட்டால் சந்தோஷம் போய்விடும். அந்தத் துண்டுகளை முழு விலை கொடுத்து வாங்கியது நாம்தான். வண்டிக் கூலி கொடுத்து இறக்கினோம், மெஷினில் ஏற்றினோம், கரண்ட்டும் சம்பளமும் செலவழித்து வெட்டினோம். அப்புறம்தான் அது குப்பையானது.

பசுமைத் தொழில்முறை என்று பேசப்படுவதில் பெரும்பகுதி இந்தக் கணக்குதான். சுற்றுச்சூழல் மேல் அக்கறை இருந்தால் நல்லது. இல்லாதவருக்கும் கணக்கு மாறாது. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1975-லேயே ‘மாசைத் தடுத்தால் லாபம்’ என்ற பொருள்பட ஒரு திட்டத்தைத் தொடங்கியது. புகைபோக்கியின் வாயிலும் கழிவுநீர்க் குழாயின் வாயிலும் நின்று சுத்தம் செய்வதைவிட, மாசு உண்டாகிற இடத்திலேயே அதைத் தடுப்பது மலிவு என்பதுதான் யோசனை.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதல் வேலையாகக் கூரையில் சோலார், வாசலில் இலைப் படம் போட்ட பலகை. உள்ளே காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸர் ராத்திரி முழுக்க ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். இதில் வரிசைதான் எல்லாம். முதலில் அளக்க வேண்டும். அடுத்து, காசு செலவில்லாமல் நிறுத்த முடிந்ததை நிறுத்த வேண்டும். ஓட்டைகளை அடைத்து முடித்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

1. ஒரு வருஷத்துப் பில்களை எடுத்து வையுங்கள்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கரண்ட், டீசல் அல்லது கேஸ், தண்ணீர், மூலப்பொருள், கழிவை அள்ளிப்போக ஆகும் செலவு என்று பன்னிரண்டு மாதத்துக் கணக்கையும் ஒரே தாளில் எழுதுங்கள். தொகையை மட்டும் எழுதினால் போதாது. விலை ஏறினாலும் தொகை கூடும், வீணடித்தாலும் கூடும். யூனிட், லிட்டர், கிலோ என்று அளவையும் எழுத வேண்டும். பக்கத்தில் அந்த மாதம் எத்தனை உருப்படி செய்தோம், அல்லது எத்தனை ஆர்டர் முடித்தோம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேலை அதிகமாக இருந்த ஒரு மாதத்தையும் மந்தமாக இருந்த ஒரு மாதத்தையும் ஒப்பிடுங்கள். 1,000 உருப்படி செய்த மாதம் 8,000 யூனிட், 500 செய்த மாதம் 6,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். வேலை பாதியானால் கரண்ட்டும் பாதியாக வேண்டும்தானே? ஆகவில்லை. 500 உருப்படி குறைந்ததற்கு 2,000 யூனிட்தான் குறைந்திருக்கிறது. அதாவது உருப்படிக்கு 4 யூனிட். அப்படியென்றால் 1,000 உருப்படிக்கு உண்மையில் தேவைப்பட்டது 4,000 யூனிட். மீதி 4,000 யூனிட், ஒரு உருப்படிகூடச் செய்யாவிட்டாலும் ஓடியிருக்கும். நல்ல மாதத்திலேயே பில்லில் பாதி! இரண்டு மாதத்துப் பில்லும் ஒரு பேனாவும் இருந்தால் போதும், இது தெரிந்துவிடும். முதலில் துரத்த வேண்டியது அந்த 4,000-ஐத்தான்.

பில்லின் மற்ற வரிகளையும் ஒருமுறை படியுங்கள். பல இடங்களில் தொழில் இணைப்புகளுக்கு யூனிட் கட்டணத்தோடு உச்சத் தேவைக் கட்டணமும் உண்டு. பெரும்பாலும் 15 அல்லது 30 நிமிஷச் சராசரியில் மாதத்திலேயே அதிகம் இழுத்தது எதுவோ அதற்கான கட்டணம் அது. காலையில் வந்ததும் எல்லா மெஷினையும் ஒன்றாகப் போடுகிற பழக்கம் இருந்தால், அந்த அரை மணி நேரத்துக்கு மாதம் முழுவதற்குமாகக் காசு கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக நேரம் விட்டுப் போடுவதற்குச் செலவே இல்லை.

2. பூட்டும்போது ஒரு ரீடிங், திறக்கும்போது ஒரு ரீடிங்

இரவு எட்டு மணிக்குப் பூட்டும்போது மீட்டரை போனில் படம் எடுங்கள். காலை எட்டு மணிக்குத் திறந்ததும் இன்னொரு படம். யாருமே இல்லாத அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் 40 யூனிட் ஓடியிருந்தால், மூன்றே கால் கிலோவாட்டுக்கு மேல் ஏதோ ஒன்று விடிய விடிய இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வருஷத்துக்கு 14,600 யூனிட். விடுமுறைப் பகல்கள் தனி.

எது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு சர்க்யூட்டாக அணைத்துக்கொண்டே வந்து மீட்டரைப் பாருங்கள். எது அணைந்ததும் மீட்டர் மந்தமாகிறதோ அதன் பின்னால் போங்கள். அணைக்காத வென்ட் ஃபேன், இரவில் யாரும் தொடாத வாட்டர் ஹீட்டர், தூங்கப் போகாத கம்ப்யூட்டர்கள் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். (திரையில் மீன் நீந்துகிற ஸ்க்ரீன்சேவர் கரண்ட்டை மிச்சப்படுத்தாது. திரை அணைய வேண்டும்.) ஃப்ரீசர், சர்வர், அலாரம் போன்றவற்றை மட்டும் முன்கூட்டியே குறித்துக்கொண்டு விட்டுவிடுங்கள், ஆர்வக் கோளாறில் அணைத்துவிட்டு அப்புறம் வருந்த வேண்டாம்.

தண்ணீர் மீட்டருக்கும் இதே முறைதான். இரவில் யாரும் குழாயைத் திறக்கவில்லை, முள் மட்டும் நகர்ந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது.

3. கழிவை எடை போடுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். என்னைக் கேட்டால் பணம் அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான்.

இரண்டு வாரத்துக்கு, தொட்டிக்குப் போவதையெல்லாம் வகை பிரித்து எடை போட்டு எழுதுங்கள். வெட்டுத் துண்டு, ரிஜெக்ட் ஆனது, காலாவதியானது, கொட்டிப்போனது, பேக்கிங் என்று பிரித்தால் போதும். அப்புறம் கணக்கு. மொத்தச் செலவு 100 என்றால் அதில் மூலப்பொருள் 70. கரண்ட், கூலி, மெஷின் தேய்மானம் எல்லாம் சேர்த்து 30. வாங்கிய பொருளில் 20 சதவீதம் கழிவாகிறது. பொருளில் போனது 14. ஆனால் அந்தக் கழிவும் அதே மெஷினில்தான் ஓடியது, அதே ஆள்தான் அதை ஓட்டினார். எனவே 30-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 6, அதன் தலையில் விழ வேண்டும். ஆக 20. எடைக்குப் போட்டதில் 2 வந்தது என்று நாம் வரவு எழுதுகிறோம். போன 18 எந்த நோட்டிலும் இல்லை.

இப்படிக் கழிவுக்கும் ஒரு பொருளைப் போல விலை போடும் முறை 1990-களில் ஜெர்மனியில் உருவாகி, ஜப்பானிய நிறுவனங்களில் வேரூன்றி, 2011-ல் ஐ.எஸ்.ஓ. 14051 என்ற சர்வதேசத் தரமானது. நாம் அந்தத் தரத்தையெல்லாம் படிக்க வேண்டியதில்லை. கழிவின் பட்டியலில் ‘எடை’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘இதை வாங்கிச் செய்ய ஆன செலவு’ என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். எந்த மெஷினில் ரிஜெக்ட் அதிகம், எந்த அளவில் ஷீட் வாங்கினால் ஓரம் குறைவாகப் போகும் என்ற கேள்விகளை அப்புறம் ஆட்களே கேட்கத் தொடங்குவார்கள். வெட்டும் முன் துண்டுகளை அடுக்கிப் பார்க்கிற பத்து நிமிஷம் வீண் இல்லை என்பது எண்ணைப் பார்த்தால்தான் உறைக்கும்.

குறைக்கவே முடியாத கழிவு கொஞ்சம் இருக்கும். அது யாருக்காவது மூலப்பொருளா என்று விசாரியுங்கள். டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வீணாக எரித்துக்கொண்டிருந்த வாயுவை 1972-ல் பக்கத்து ஜிப்சம் பலகை ஆலை எரிபொருளாக வாங்கத் தொடங்கியது. பிற்பாடு அனல்மின் நிலையத்தின் நீராவி மருந்து ஆலைக்குப் போனது. அந்த மின் நிலையத்தின் புகையைச் சுத்தம் செய்ததில் கிடைத்த ஜிப்சம் அதே பலகை ஆலைக்குப் போனது. யாரும் மேலிருந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒவ்வொன்றும் இரண்டு தரப்புக்கும் கட்டுப்படியான சாதாரண வியாபார ஒப்பந்தம்.

4. காசில்லாமல் செய்யக்கூடியவை

அளந்தாயிற்று. இனி அடுத்த ஒரு மாதத்துக்கு எதுவும் வாங்காதீர்கள்.

ஏசியை ஒரு டிகிரி கூட்டி வைத்தாலே அதன் மின்செலவு ஏறத்தாழ 6 சதவீதம் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஃபில்டரையும் வெளி யூனிட்டின் தகடுகளையும் சுத்தம் செய்யுங்கள். தூசு அடைத்த ஏசி அதே குளிர்ச்சிக்கு அதிக நேரம் ஓடும். ஃப்ரீசர் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது. மெஷின் சும்மா ஓடும் நேரத்தைக் கவனியுங்கள். ஒரே நிறம், ஒரே அளவு வேலைகளைச் சேர்த்துச் செய்தால் இடையில் கழுவுவதும் செட்டிங் மாற்றுவதும் குறையும். அதில் போகிற பொருளும் மிச்சம். தாளில் இருபுறமும் பிரிண்ட் எடுப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்ததுதான், செய்யுங்கள். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

5. ஓட்டைகளை அடையுங்கள்

காற்றழுத்தத்தில் ஓடும் கருவிகள் இருக்கிற இடம் என்றால் நேராகக் கம்ப்ரஸரிடம் போங்கள். அது இழுக்கிற கரண்ட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெறும் வெப்பமாகப் போகிறது. மிச்சத்தில்தான் நமக்கு வேலை. அந்த மிச்சத்திலும் கவனிப்பில்லாத இடங்களில் 20 முதல் 30 சதவீதம் வரை குழாய் வழியிலேயே கசிந்துவிடும். தண்ணீர் ஒழுகினால் தரை நனையும், எண்ணெய் ஒழுகினால் வழுக்கும். காற்று ஒழுகினால் தடயமே இருக்காது.

வேலை இல்லாத ஒரு நாளில் இதைச் செய்து பாருங்கள். காற்றைப் பயன்படுத்தும் எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிடுங்கள். அழுத்தம் நிரம்பியதும் அது லோடு எடுப்பதை, அதாவது காற்றை அழுத்துவதை, நிறுத்தும். கசிவால் அழுத்தம் குறைந்ததும் மறுபடி எடுக்கும். லோடில் ஓடிய நேரத்தையும் ஓய்ந்திருந்த நேரத்தையும் நாலைந்து முறை குறித்துச் சராசரி எடுங்கள். ஒன்றரை நிமிஷம் ஓடி நாலரை நிமிஷம் ஓய்கிறது என்றால், ஆறில் ஒன்றரை: 25 சதவீதம். அதாவது அந்தக் கம்ப்ரஸரின் கொள்ளளவில் கால்வாசி, ஊருக்கே காற்று வீசப் போகிறது.

அப்புறம் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், ஒரு பிரஷ். ஹோஸ் இணைப்பு, கப்ளிங், ரெகுலேட்டர், வடிகால் வால்வு என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போங்கள். நுரை பொங்கினால் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு நம்பர் எழுதுங்கள். மெஷின் எல்லாம் அமைதியாக இருக்கும்போது காதை வைத்தாலே பாதி கேட்டுவிடும். பெரும்பாலானவை ஒரு வாஷர், ஒரு கிளாம்ப், கொஞ்சம் டெஃப்ளான் டேப்போடு சரியாகிவிடும். சரிசெய்த பிறகு, கருவிகளுக்கு உண்மையில் எவ்வளவு அழுத்தம் தேவை என்று பார்த்துக் கம்ப்ரஸரின் செட்டிங்கை இறக்குங்கள். 7 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) அளவில் ஓடுகிற இடத்தில் ஒரு பார் குறைத்தால் மின்சாரம் சுமார் 6, 7 சதவீதம் குறையும். காற்றுக் குழாயால் தரையைக் கூட்டுவதும் உடம்புத் தூசியைத் தட்டுவதும் உடனே நிற்க வேண்டும். செலவு ஒருபுறம் இருக்க, அது ஆபத்து.

பாய்லர் வைத்திருப்பவர்கள் புகையின் வெப்பத்தைக் கவனியுங்கள். புகை சுமார் 20 டிகிரி குறைவாக வெளியேறினால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சம். உள்ளே போகும் தண்ணீரை 6 டிகிரி கூடுதல் சூட்டோடு அனுப்பினாலும் அதே ஒரு சதவீதம். அதனால் நீராவி குளிர்ந்து வருகிற சூடான தண்ணீரைச் சாக்கடையில் விடுவதுபோலப் பாவம் வேறில்லை. அது ஏற்கெனவே சுத்திகரித்த தண்ணீரும்கூட.

தண்ணீரில், விநாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் நாளுக்கு 20 லிட்டருக்கு மேல் விட்டுவிடும். கழிப்பறை ஃப்ளஷ் டேங்க் அதைவிட மோசம், சத்தமே இல்லாமல் நூற்றுக்கணக்கில் போகும். டேங்கில் கொஞ்சம் கலர் ஊற்றி இருபது நிமிஷம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே கோப்பையில் கலர் வந்தால் கசிவு. பொருள்களைத் தொட்டியில் அலசும் தொழில் என்றால், ஒரு தொட்டிக்குப் பதில் இரண்டு மூன்றாக்கி, பொருள் போகிற திசைக்கு எதிர்த்திசையில் தண்ணீரை ஓடவிடுங்கள். கடைசித் தொட்டியில் மட்டும் புதுத் தண்ணீர். அது வழிந்து முந்தைய தொட்டிக்கு வரும். அதே சுத்தத்துக்குத் தண்ணீர் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகலாம்.

6. இப்போது வாங்கலாம்

எதை முதலில் மாற்றுவது என்பதற்கு ஒரே கேள்வி: போட்ட முதல் எத்தனை மாதத்தில் திரும்பும்? செலவை மாதாந்தர மிச்சத்தால் வகுத்தால் விடை. நாளுக்கு 16 மணி நேரம் எரிகிற விளக்கையும், ஒரு மணி நேரம் மட்டும் எரிகிற ஸ்டோர் ரூம் விளக்கையும் எல்.இ.டி.க்கு மாற்ற ஒரே செலவுதான். முதலாவது 16 மடங்கு சீக்கிரம் காசைத் திருப்பித் தரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மோட்டார் விஷயத்தில் விலையைப் பார்த்து வாங்குவது பெரிய தப்பு. நாள் முழுக்க ஓடுகிற மோட்டாரின் வாழ்நாள் செலவில் வாங்கிய விலை சில சதவீதம்தான், மீதியெல்லாம் அது தின்கிற கரண்ட். 10 கிலோவாட் வேலை தருகிற மோட்டார் வருஷத்தில் 6,000 மணி நேரம் ஓடினால், 88 சதவீதத் திறனுக்கும் 92 சதவீதத் திறனுக்கும் நடுவே சுமார் 3,000 யூனிட் வித்தியாசம். எரிந்துபோன பழைய மோட்டாரை ரீவைண்டிங் கொடுக்கும் முன் இதை யோசியுங்கள். தரமில்லாத ரீவைண்டிங்கில் திறன் இன்னும் குறையும்.

ஃபேனையும் பம்பையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, வால்வைப் பாதி மூடிக் கட்டுப்படுத்துகிற இடங்கள் இருந்தால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அதாவது வி.எஃப்.டி., நன்றாக வேலை செய்யும். வேகம் 80 சதவீதமானால் மின்சாரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஆனால் தண்ணீரை உயரத்துக்கு ஏற்றுகிற பம்புகளில் இந்தக் கணக்கு அப்படியே வராது. விற்க வருபவர் இதைச் சொல்லமாட்டார்.

விற்க வருபவர் என்றதும் இன்னொன்று. பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று ஒரு குட்டிப் பெட்டி விற்பார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர், ஒரு குட்டி விளக்கு. வெறும் யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் கட்டுகிறவருக்கு அதனால் பயனில்லை. பவர் ஃபேக்டர் (இழுக்கிற மின்சாரத்தில் உண்மையான வேலைக்குப் போகிற பங்கு) குறைந்தால் அபராதம் விழும் தொழில் இணைப்புக்குக் கெப்பாசிட்டர் தேவைதான். அதை எலக்ட்ரீஷியன் அளந்து மெயின் போர்டில் வைப்பார்.

7. பேக்கிங், வண்டி

பெட்டிக்குள் அனுப்பும் காற்றுக்கும் கூலி உண்டு. கூரியர் நிறுவனங்கள் பலவும் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதையும், உண்மையான எடையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடும். 3 கிலோ பொருளை 40, 30, 30 அளவுப் பெட்டியில் வைத்தால் 7.2 கிலோவுக்குக் காசு. 30, 25, 20 பெட்டியில் அடங்கினால் 3 கிலோவுக்கு. அட்டையும் மிச்சம், உள்ளே திணிக்கும் பொருளும் மிச்சம்.

வண்டிக்கு வாரம் ஒருமுறை டயர் காற்று பார்ப்பது, நிற்கும்போது இன்ஜினை அணைப்பது, ஒரே பக்கம் போகிற டெலிவரிகளைச் சேர்ப்பது. இவ்வளவுதான்.

8. ஸ்விட்சைப் போடுகிறவர் பில்லைப் பார்ப்பதில்லை

பில் முதலாளி மேஜைக்கு வருகிறது. ஸ்விட்ச் ஆட்கள் கையில் இருக்கிறது. நடுவில் ஒரு சுவர். மாதா மாதம் யூனிட் கணக்கை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். எந்த மெஷின் எப்போது வீணாக ஓடுகிறது என்று அதை ஓட்டுபவருக்குத் தெரிந்த அளவு எந்த நிபுணருக்கும் தெரியாது. கேட்டால் சொல்வார்கள். மிச்சமானதில் ஒரு பங்கு அவர்களுக்கும் போனால் இன்னும் சொல்வார்கள்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கதை ஒன்று. ஒருமுறை கழிப்பறையில் ஆள் நடமாட்டத்தைப் பார்த்து எரிகிற சென்சார் விளக்கு போட்டேன். உள்ளே ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் அணைந்துவிடும். இருட்டில் கையை வீசிக்கொண்டு உட்கார யாருக்குப் பிடிக்கும்? ஒரே வாரத்தில் யாரோ சென்சாரின் பக்கத்தில் ஒயரைச் சேர்த்து நேரடி இணைப்பு கொடுத்துவிட்டார்கள். அதுமுதல் விளக்கு இருபத்து நாலு மணி நேரமும் எரிந்தது. நேரத்தைப் பத்து நிமிஷமாக வைத்திருந்தால் போதுமாயிருந்தது; முதல் நாளே யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

9. சோலாரும் பலகையும்

இப்போது கூரைக்குப் போகலாம். நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு கிலோவாட் சோலார் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்று கொள்ளலாம். இரண்டாவது படியில் பார்த்த, இரவில் யாருக்கும் பயனில்லாமல் ஓடிய 40 யூனிட்டை ஈடுகட்ட மட்டும் 10 கிலோவாட் தகடு வேண்டும். அதை ஸ்விட்சை அணைத்தே முடித்துவிட்டால், அவ்வளவு தகடு வாங்கும் செலவு இல்லை.

வாடிக்கையாளரிடம் சொல்வதிலும் நிதானம் வேண்டும். ‘இயற்கைக்கு உகந்தது’, ‘பசுமையானது’ என்று ஆதாரமில்லாமல் பொத்தாம்பொதுவாகப் போடுவதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. உங்களிடம் அதைவிட நல்ல வாசகம் இருக்கிறது, முதல் படியில் எழுதிய தாளில். 1,000 உருப்படிக்கு 8,000, அதாவது மொத்தத்தில் உருப்படிக்கு 8 யூனிட் என்று தொடங்கினோம். இரவில் ஓடியதை நிறுத்தியதில் மாதம் 1,200 யூனிட் குறைந்தால் அது 6.8 ஆகும். கம்ப்ரஸர் கசிவை அடைத்ததும் இன்னும் இறங்கும். இலைப் படம் இருக்கிற இடத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். கேட்பவருக்கு பில்லைக் காட்டலாம்.